மறு: ‘ஒலிக்குவிவு’ சரியா? ‘ஒலி அணுக்கம்’ என்று வைக்கலாமே

குழுவினருக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘phonetic convergence’க்கு என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்று நடக்கும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்றுச் சாயங்காலம் பூக்கடையில் நடந்த ஒன்று எழுத வைத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரு அல்சூரில், சோமேசுவரர் கோயில் பக்கம், நாங்கள் வழக்கமாகப் பூ வாங்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். வீட்டில் தமிழ்; பிறந்து வளர்ந்தது இங்கேதான். எனக்கு முன்னால் நின்ற பெண்மணியிடம் கன்னடத்தில் பேரம் நடந்துகொண்டிருந்தது. நாம் முழம் என்பதைக் கன்னடத்தில் ‘மொள’ என்பார்கள், இன்றைய கன்னடத்தில் ழகரம் கிடையாது. பேரம் முடிந்து என் பக்கம் திரும்பி, “உங்களுக்கு எத்தன மொளம்ணா?” என்றார். என்னிடம் எப்போதும் அழுத்தமாக ‘மொழம்’ என்பவர். கன்னடத்தின் ளகரம் தமிழுக்குள்ளும் கூடவே வந்துவிட்டது. சரி, அது மொழி மாறும்போது நாக்கில் தங்கிய மிச்சம் என்று சொல்லலாம். நான் சொன்ன பதில்தான் நம் விவாதத்துக்கு உரியது: “ரெண்டு மொளம் குடுங்க.” நான் கும்பகோணத்துக்காரன். முழு ளகரமும் வரவில்லை, நாக்கு ழகரத்துக்கும் ளகரத்துக்கும் நடுவில் எங்கோ போய் நின்றது. பக்கத்தில் நின்ற என் மனைவி மதுரை. “நான் பளம்னு சொன்னா மட்டும் பாடம் எடுப்பீங்க” என்றாள். வீடு வரும்வரை விடவில்லை.

நாம் பெயர் தேடுவது இதற்குத்தான். பேசிக்கொண்டிருக்கையில் ஒருவருடைய ஒலிகள் எதிராளியின் ஒலிகளை நோக்கி, தெரிந்தோ தெரியாமலோ, கொஞ்சம் நகர்வது. சொற்களைக் கடன் வாங்குவதோ நடுவில் மொழி தாவுவதோ வேறு சங்கதி.

இனி, இழையில் வந்த சொற்கள்.

> குவிதல் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. குவிவு என்றே வைத்துவிட்டால் என்ன?

தம்பி, அந்தப் பள்ளிப் புத்தகம்தான் இடைஞ்சல். குவி லென்சு என்றதும் கதிர்கள் ஒரு புள்ளியில் போய்ச் சேருகிற படம்தானே கண்ணில் வருகிறது? பேச்சில் அப்படி யாரும் போய்ச் சேருவதில்லை. நகர்வதுகூடப் பல நேரம் ஒருவர்தான். கார்டிஃப் நகரத்தில் ஒரு பயண முகவர் கடையில் வேலை பார்த்த பெண்ணின் பேச்சை நிக்கலஸ் கூப்லாண்ட் ஆராய்ந்து 1984இல் எழுதினார். எதிரே உட்காரும் வாடிக்கையாளர் எந்தத் தட்டு மக்களோ, அதற்குத் தக அந்தப் பெண்ணின் உச்சரிப்பு ஏறி இறங்கியது. வந்தவர் சீட்டை வாங்கிக்கொண்டு தன் உச்சரிப்போடு கிளம்பிவிடுவார். இதில் குவிந்த புள்ளி எது? இன்னொரு சிக்கல், ‘ஒலிக்குவிவு’ என்றால் இயற்பியல்காரர்கள் வேறு எதையோ நினைப்பார்கள். விஜயபுராவின் கோல் கும்பஸ் என்ற குவிமாடக் கல்லறைக்குப் போய், இந்தப் பக்கம் கிசுகிசுத்தது அந்தப் பக்கம் கேட்டதா என்று காது கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் அங்கேதான் பொருந்தும்.

> போலச்செய்தல் எளிது, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். போலச்செய்தல் என்றால் வேண்டுமென்றே செய்வது. மிமிக்ரி கலைஞர் செய்வது அது. 1998இல் ஸ்டீஃபன் கோல்டிங்கர் வெளியிட்ட சோதனையில், பதிவிலிருந்து கேட்ட சொற்களை ஆட்கள் உடனே திருப்பிச் சொன்னார்கள். எதிரே ஆளே இல்லை. யாரையும் மகிழ்விக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனாலும் கேட்ட குரலின் சாயல் அவர்கள் பேச்சில் ஏறியது. அடிக்கடி புழங்கும் சொற்களைவிட அரிதான சொற்களில் அது கூடுதல். கேட்டதற்கும் சொன்னதற்கும் இடையே நேரம் விட்டால் குறைந்தது. கேட்ட ஒலியின் தடம் நினைவில் புதிதாக இருப்பதுதான் காரணம் என்பது அவர் வாதம். இதில் ‘செய்தல்’ எங்கே இருக்கிறது?

இழையில் வந்த ‘ஓரினமாதல்’ பற்றி ஒரு வரி போதும். ஒரு சொல்லுக்குள் பக்கத்து ஒலிகள் ஒன்றைப் போல் ஒன்று ஆவதற்கு, அதாவது ‘ஒன்று’ பேச்சில் ‘ஒண்ணு’ ஆவதற்கு, அந்தச் சொல்லை நம்மவர்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். அதைத் தொட வேண்டாம்.

> உடம்படுமெய் என்ற சொல் தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் இருக்க, ‘ஒலியுடம்பாடு’ என்பதே தமிழ் மரபுக்கு ஏற்றது.

ஐயா, இதைப் படித்ததும் நான் கிட்டத்தட்ட விழுந்துவிட்டேன். இரண்டு உயிர்கள் ஒன்றையொன்று ஏற்க வகை செய்யும் மெய்க்கு ‘உடம்படு’ என்று பெயர் வைத்தவர் எவரோ, அவர் காலில் விழலாம். ஆனால் உடம்படுதல் என்றால் சம்மதித்தல். பூக்கடையில் என்னை யார் சம்மதம் கேட்டார்கள்? அதைவிட, இதற்கு எதிர்ச்சொல் அமைப்பது கடினம். எதிர்ச்சொல் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் நிகழ்வே இரண்டு பக்கம் போகக்கூடியது. 1977இல் ரிச்சர்ட் பூரிஸும் ஹோவர்ட் கைல்ஸும் வெளியிட்ட வேல்ஸ் ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. தங்கள் அடையாளம் என்று வேல்ஸ் மொழியை விரும்பிப் படித்துக்கொண்டிருந்தவர்களிடம், மேட்டுக்குடி ஆங்கில உச்சரிப்பில் ஒரு குரல், எதிர்காலமே இல்லாத, சாகப்போகும் மொழியை எதற்குப் படிக்கிறீர்கள் என்று கேட்டது. பதில் சொன்னபோது அவர்களுடைய ஆங்கிலத்தில் வேல்ஸ் வாடை தூக்கலாக வந்தது. சீண்டினால் நாக்கு விலகிப் போகிறது. இதை ‘உடம்பாடின்மை’ என்றால் சண்டை மாதிரி இருக்கிறது. நடந்தது சண்டை இல்லை, உச்சரிப்பு தள்ளிப்போனது.

அப்புறம் என் மனைவியின் யோசனை: “ஒட்டிக்கிச்சுன்னு சொல்லிட்டுப் போங்களேன்.” உண்மையில் மக்கள் சொல்வது அதுதான். சென்னை போய் வந்த பையனைப் பார்த்து, ‘அந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கிச்சு’ என்கிறோம். கட்டுரையின் ஓட்டத்தில் தாராளமாக எழுதலாம். தலைச்சொல்லாக வைக்க முடியாது, ஏனென்றால் மொழியியலில் ஒட்டு என்றால் முன்னொட்டு பின்னொட்டுதான். அவள் இதை ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

நான் முன்வைப்பது ஒலி அணுக்கம். அணுகு என்ற வினை கையில் இருக்கிறது. கூடியது, குறைந்தது என்று அளவு சொல்லலாம். ஒருவர் அணுகினாலும் இருவரும் அணுகினாலும் பொருந்தும். போய்ச் சேர வேண்டிய கட்டாயமும் இல்லை. எதிர்ச்சொல்லைத் திருவள்ளுவரே கொடுத்திருக்கிறார். ‘அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க’ என்று தொடங்கும் 691ஆம் குறளில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. (அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டு மூடியே கிடந்து 2009இல் திறக்கப்பட்ட அவருடைய சிலைக்குப் பக்கத்தில் தினமும் நடக்கிறேன், இவ்வளவு நாள் தோன்றவில்லை!) அந்தக் குறள் அதிகாரம் உள்ளவரிடம் எவ்வளவு நெருங்குவது என்பதைப் பற்றியது, பேச்சொலி நெருங்குவதிலும் யார் பெரியவர், யார் கேட்கிறவர் என்பது உள்ளே வருகிறது.

ஆக, ஒலி அணுக்கம், ஒலி அகல்வு. ‘விலக்கம்’ இன்னும் இயல்பாக இருக்கும்தான். ஆனால் புள்ளியியலில் திட்ட விலக்கம் உட்கார்ந்திருக்கிறது, ஒலியியல் கட்டுரையின் அட்டவணையில் இரண்டும் ஒரே பக்கத்தில் வரும். வாசகர் பாவம்.

சொல் தாங்குகிறதா என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

‘ஜெனிஃபர் பார்டோ 2006இல் வெளியிட்ட ஆய்வில், இருவரிடம் ஆளுக்கொரு வரைபடம் தரப்பட்டது. ஒருவர் படத்தில் மட்டும் பாதை வரைந்திருக்கும். அவர் வழி சொல்ல, மற்றவர் தன் படத்தில் கோடு இழுக்க வேண்டும். உரையாடலுக்கு முன்னும் நடுவிலும் பின்னும் அவர்கள் சொன்ன ஒரே இடப்பெயர்களை வெட்டியெடுத்து, எது எதைப் போல் ஒலிக்கிறது என்று வேறு ஆட்களைக் கேட்கச் செய்தார். உரையாடல் தொடங்கியதும் ஒலி அணுக்கம் தெரிந்தது. பேசி முடித்த பிறகும் அது ஓரளவு மீந்திருந்தது. வழி சொன்னவரா கேட்டவரா, ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து அணுக்கத்தின் அளவு மாறியது.’

எனக்கு இடறவில்லை. ‘குவிவு’ போட்டும் இதையே எழுதினேன், கடைசி வாக்கியம் கண்ணாடிக் கடை விளம்பரம் மாதிரி ஆகிவிட்டது.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். சேர்த்து ‘ஒலியணுக்கம்’ என்று எழுதினால், முதல் பார்வையில் ‘ஒலியணு’ என்று கண் பிரித்துவிடுகிறது. ஒலியனும் (மொழியியலில், பொருளை வேறுபடுத்தும் ஒலி) அணுவும் கலந்த ஏதோ பூதம் போல. என் மனைவி அப்படித்தான் வாசித்தாள், பிறகு சிரித்தாள். அதனால் இடம் விட்டு ‘ஒலி அணுக்கம்’ என்றே எழுத வேண்டும். பிரித்தெழுதுவதில் ஐயாவுக்கு உடன்பாடு இருக்காது என்று தெரியும்.

அக்கா கேட்ட இன்னொன்று: எதிராளிக்குத் தகப் பேச்சை மாற்றிக்கொள்வது பற்றி கைல்ஸ் 1970களில் தொடங்கிவைத்த முழுக் கோட்பாட்டுக்கு என்ன பெயர்? அதில் ஒலி மட்டுமல்ல, வேகம், இடைவெளி, சொல் தேர்வு எல்லாம் அடங்கும். ஆளின் நோக்கமும் உண்டு. அங்கே ‘பேச்சிணக்கம்’ வைக்கலாம், இணங்குவதில் மனசு இருக்கிறது. மகாராட்டிரத்தின் குப்வார் கிராமத்தில் மராத்தி, கன்னடம், உருது இலக்கணங்கள் நெருங்கிவந்ததை ஜான் கம்பர்ஸ், ராபர்ட் வில்சன் என்ற ஆய்வாளர்கள் 1971இல் எழுதினார்களே, அது தலைமுறைக் கணக்கு. அதை இந்தச் சொல்லோடு குழப்ப வேண்டாம். தனி இழை தொடங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரை பட்டியலில் இந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். ஒலி அணுக்கத்தை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் எழுதி அனுப்புங்கள், எங்கே இடறுகிறது பார்ப்போம்.