பிராக் குதிரைச் சிலையடியில் உங்களுக்கு நடந்தது

கரையோரன்:
செக் தலைநகர் பிராக் போனவர்களுக்கு, குதிரைமேல் இருக்கும் வென்செஸ்லாஸ் ராஜா சிலை தெரியும். "குதிரை வாலுக்குக் கீழே நில்லு" என்றான் நண்பன். அந்த ஊரில் சந்திப்பதென்றால் அங்கேதான். நான் போய் முன்பக்கம் நின்றுவிட்டேன். செப்டம்பர் 28, வென்செஸ்லாஸ் திருநாள், அரசு விடுமுறை. பக்கத்தில் ஒரு பாட்டி, எழுபத்தைந்து இருக்கும். பீடத்து எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் காற்றில் தொட்டு வாசித்தார். கடைசியில் குரல் நின்றுவிட்டது. பிறகு சுற்றி நிற்கும் புனிதர்களில் லுத்மிலாவைக் காட்டி "பாபிச்கா" என்றார். பாட்டி என்று அர்த்தம், லுத்மிலா வென்செஸ்லாஸை வளர்த்த பாட்டி. அதே விரலைத் தன் நெஞ்சில் வைத்து இன்னொரு முறை, "பாபிச்கா". தலையாட்டினேன். போன் அடித்தது, போய்விட்டேன். யாருக்குப் பாட்டி என்று கேட்காமல் வந்தது இன்னும் உறுத்துகிறது.

மெழுகுத்திரி:
பீடத்தில் அந்தப் பாட்டி குரல் நின்ற கடைசி வரி, "எங்களையும் இனி வரப்போகிறவர்களையும் அழிய விடாதே". 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் சிலை நிற்கும் வென்செஸ்லாஸ் சதுக்கத்துக்குள் வந்தன, சிலைக்கு மேலே இருக்கும் மியூசியத்தின் சுவரெல்லாம் குண்டு பாய்ந்தது. உங்கள் பாட்டிக்கு அப்போது இருபது சொச்சம் வயது. 1989 வெல்வெட் புரட்சி தொடங்கிய நாளான நவம்பர் 17 அன்று ஒரு வருடம் அங்கே என் மெழுகுவர்த்தி காற்றில் அணைந்தது. யாரோ ஒரு பையன் கேட்காமலே தன் திரியைச் சாய்த்துப் பற்றவைத்தான். முகம் நினைவில்லை, கை மட்டும் இருக்கிறது.

பழைய பயணி:
முதலில் ஒன்று, வென்செஸ்லாஸ் ராஜா இல்லை. பீடத்திலேயே "செக் நாட்டின் கோமகனே" (டியூக்) என்றுதான் இருக்கிறது. ஆங்கிலக் கிறிஸ்துமஸ் பாட்டு அவரை ராஜாவாக்கியது. தம்பி ஆட்கள் கொன்ற பத்தாம் நூற்றாண்டு இளைஞர் அவர். என் கதை சின்னது: சதுக்கத்துக்குப் பக்கத்து லுசெர்னா கட்டடத்துக்குள் தலைகீழாகத் தொங்கும் குதிரைச் சிலையின் வயிற்றில் அதே கோமகன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என் மகள் "குதிரை செத்துப்போச்சாப்பா?" என்று அழுதுவிட்டாள். போகிறவர்கள் முஸேயும் நிலையத்தில் இறங்குங்கள், பச்சை, சிவப்பு இரண்டு மெட்ரோவும் வரும். சிற்பி மிஸ்ல்பெக் செய்த நிஜச் சிலையை முதலில் பாருங்கள், பிறகு லுசெர்னா. குழந்தையோடு போனால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தெருவில் பணம் மாற்றாதீர்கள். வாலடியில் கூட்டம், பாக்கெட் பத்திரம்.

கரையோரன்:
கோமகன் என்பதை ஏற்கிறேன் ஐயா. ஜெர்மனியின் ட்ரெஸ்டனிலிருந்து செப்டம்பர் 28 காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கேட்க வேண்டியதை செக்கில் எழுதி பர்ஸில் வைத்திருக்கிறேன். இந்த முறையும் முன்பக்கம்தான் நிற்பேன்.