பல்சர் 150 பின் ஷொக் மாத்துறது பற்றித் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், தம்பிமார்.

என்ர பழைய பல்சர் 150 பைக் நெடுகலும் பண்ணைப் பாலத்தால வேலணைக்குப் போய் வாறது. இப்ப வலப்பக்கப் பின் ஷொக்கால (பள்ளம் திட்டியில குலுக்கத்தைத் தாங்குற ஸ்பிரிங் உள்ள பாகம்) எண்ணெய் கசியுது. உப்புக் காத்துக்கு ஷொக்கின்ர றொட் கறள் பிடிச்சு, அந்தச் சொரசொரப்பு எண்ணெயை மறிக்கிற றப்பர் வளையத்தை (ஒயில் சீல்) அறுத்துப்போட்டுது. பள்ளத்தில இறங்கினா ரெண்டு மூண்டு தரம் குதிச்சுத்தான் நிக்குது. பின்னுக்கு இருந்து வாறது அம்மா. அவவுக்கு நாரி நோ, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஒரு பக்கம் மட்டும் மாத்தினாக் காணும் எண்டு கராஜில சொல்லுகினம். எனக்கு அது சரியாப் படேல்லை. புதுசும் பழசும் ஒரே மாதிரி அமுங்காது, வளைவில பைக் ஆடும். சோடியாத்தான் போடப்போறன். கொம்பனி ஷொக்கை விடக் கொஞ்சம் நீளமானது போட்டு ஓடின ஆக்கள் இருக்கிறீங்களோ? பின்பக்கம் உயர்ந்தால் செயின் தொய்வும் சைட் ஸ்ராண்ட் சரிவும் மாறும், அதால யோசிக்கிறன்.

மற்றது, ஷொக் ஸ்பிரிங்கை இறுக்கித் தளர்த்துற அஞ்சு படி அட்ஜஸ்டர். இறுக்கினா ஸ்பிரிங் கடினமாகாது, பைக் நிக்கிற உயரம்தான் கூடும். ரெண்டு பக்கமும் ஒரே படியில இருக்கவேணும். இது விளங்குது. ஆள் ஏறினால் ஷொக்கின்ர மொத்த அசைவில கால்வாசியில இருந்து மூண்டில ஒண்டு வரைக்கும் அமுங்கவேணும் எண்டது பொதுக்கணக்கு. ரெண்டு பேரோட ஓடேக்க நீங்கள் எத்தினையாம் படியில வைக்கிறீங்கள்?

தீவுப் பக்கம் ஓடுற ஆக்கள் றொட்டுக்கு என்ன பூசுறீங்கள்? கிறீஸ் எண்டால் மணல் ஒட்டும். அட்ஜஸ்டர் திருப்புற கொக்கிச் சாவி யாழ் ரவுணில எந்தப் பக்கம் வாங்கலாம் எண்டும் சொல்லுங்கோ.