பி5 எல்இடி பேனலில் நிழலும் நடுக்கமும்: எங்கே பார்ப்பது?

கேள்வி: பி5 (புள்ளிகளுக்கு இடையே 5 மி.மீ.) 64×32 பேனல் இரண்டு, கோத்து 128 நெடுவரிசை. 1/16 ஸ்கேன் (ஒரு நேரத்தில் 16-ல் ஒரு பங்கு வரிசைகளே எரியும்), இஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர், கிளாக் 10 மெகாஹெர்ட்ஸ், 8 பிட் நிறம். எழுத்துக்குப் பக்கத்து வரியில் மங்கலாக நிழல் விழுது. இரண்டாவது பேனலில் பொறிப்பொறியாகப் புள்ளி. மொபைல் கேமராவில் பட்டை ஓடுது.

பதில் 1: முதலில் புள்ளி. பல பேனல்களின் நுழைவில் சிக்னலை வாங்கிக் கடத்தும் 74எச்சி245 பஃபர் சிப் இருக்கும். 5 வோல்ட்டில் ஓடும்போது 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் அதை ‘1’ என்று உறுதியாக எடுக்கும். இஎஸ்பி32 தருவதோ 3.3. நடுவில் 74எச்சிடி245 போடுங்க, அதற்கு 2 வோல்ட்டே போதும். சிக்னல் 13, சிப்புக்கு 8 வழி, ஆக இரண்டு சிப் வேணும். ரிப்பன் கேபிளைக் குட்டையாக வையுங்க, கிரவுண்ட் கம்பியை விட்டுடாதீங்க.

பதில் 2: நிழலுக்குக் காரணம் வரிசை மாறும் நேரம். 128 கிளாக் தள்ளியதும் ஓஇ-யை (விளக்கை எரிய, அணைய விடும் சிக்னல்) ஹை ஆக்கி விளக்கை அணைங்க. அப்புறம் லாட்ச் (தள்ளிய தரவை வெளியே நிறுத்தும் சிக்னல்), அப்புறம்தான் எந்த வரி என்று சொல்லும் முகவரியின் மாற்றம். பழைய வரிக்கு மின்சாரம் தரும் மாஸ்ஃபெட் சுவிட்ச் முழுசாக அணைய ஓரிரு மைக்ரோசெகண்ட் விட்டு ஓஇ-யை லோ ஆக்குங்க. விளக்கை அணைக்கும் முன்னே முகவரியை மாற்றினால் நிழல் வரும்.

பதில் 3: பட்டைக்குக் கணக்கே பதில் சொல்லும். ஒரு வரி தள்ள 12.8 மைக்ரோசெகண்ட். மிகச் சிறிய பிட் அவ்வளவு நேரமும், அடுத்தடுத்த பிட் ஒவ்வொன்றும் முந்தியதைப் போல இரு மடங்கு நேரமும் எரிந்தால், 8 பிட்டுக்கு 255 பங்கு. 16 ஸ்கேனுக்கு 255×12.8×16, சுமார் 52 மில்லிசெகண்ட். முழுப் படம் நொடிக்கு 19 தடவைதான் வரும். 6 பிட்டுக்கு இறக்கினால் 13 மில்லிசெகண்ட், 77 தடவை. கண்ணுக்கு அது போதும், கேமராவுக்குப் போதாது. கிளாக்கை 20 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் 155. ஆனால் எச்சிடி போடாமல் ஏற்றாதீங்க, புள்ளி இன்னும் கூடும்.