தையல் மெஷின் சரி, மோட்டார் யார் காசு?

ஆலங்குளத்தான்: "பீடி சுற்றும் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தோம், அத்தனை குடும்பமும் வறுமையைத் தாண்டிவிட்டது" என்று நம்ம ஆற்றங்கரை அண்ணாச்சி நேற்று பீற்றியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. முக்கூடல் பக்கம் அவர்கள் அறக்கட்டளை கொடுத்தது காலால் மிதிக்கிற மெஷின். மோட்டார் யார் காசு?

ஆற்றங்கரை: மெஷின் இலவசம், ஸ்டாண்டு இலவசம், பயிற்சியும் இலவசம். மோட்டார் அவரவர் விருப்பம். குறை சொல்கிறவர் ஒரு ஊசியாவது வாங்கிக் கொடுத்ததுண்டா?

ஆலங்குளத்தான்: ஊசியைக் கேட்கவில்லை வே, மோட்டாரைக் கேட்டேன். நாள் முழுக்க மடியில் சுளகோடு குனிந்து பீடி சுற்றுகிறவளுக்கு இடுப்பும் முட்டும் ஏற்கெனவே போயிருக்கும். அவளைப் போய் மிதி என்றால்? வாரா வாரம் தவணை கட்டுகிற குழுவில் கடன் வாங்கித்தான் மோட்டார் மாட்டினார்கள். அந்தக் கடனை எந்தக் கணக்கில் எழுதினீர்?

பீடிக்காரி மகள்: தைக்கத் துணி வருகிறதா என்று யாராவது கேட்டீர்களா? பள்ளிச் சீருடை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் போகிறது. சங்கத்தில் சேர்த்துவிடாமல் மெஷினை மட்டும் இறக்கிவிட்டுப் போனால் தீபாவளிக்கு நாலு ஜாக்கெட், அப்புறம் ஒன்றுமில்லை. அம்மா இன்னும் இலை வெட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். பீடியில் வாரக் கூலி வரும், பி.எஃப். பிடிப்பார்கள், பிள்ளைக்குப் படிப்பு உதவித்தொகை கிடைக்கும். தையலில் இதில் எது உண்டு? எங்கள் வீட்டு மெஷின் மேல் மடிக்காத துணிதான் குவிந்து கிடக்கிறது.

ஆலங்குளத்தான்: சரியாகச் சொன்னாய் தங்கச்சி. அதனால்தான் கேட்கிறேன், மோட்டார் யார் காசு?

பேட்டைக்காரன்: வறுமையைத் தாண்டுவது என்றால் என்ன என்று முதலில் பேசுவோமா? 1989இல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழு தொடங்கியபோது சேமிப்பு, குழுவுக்குள் கடன், கணக்கு என்றுதான் பழக்கினார்கள். நீங்கள் நேராக மெஷினில் ஆரம்பிக்கிறீர்கள்.

ஆற்றங்கரை: கணக்கைப் பற்றி யார் பேசுவது பாரும். கோயில் கொடை அன்னதானக் கணக்கு கேட்டதும் வாட்ஸ்அப் குழுவை விட்டே ஓடினவர்.

பேட்டைக்காரன்: ஓடவில்லை. நீர்தான் நீக்கினீர்.

ஆலங்குளத்தான்: அன்னதானத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் பலகையில் உங்கள் தலைவர் பெயரைச் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறதே, அந்தக் கூலிக்குப் பாதி மோட்டார் வந்திருக்கும்.

ஆற்றங்கரை: ஆலங்குளம் 2019லேயே தென்காசி மாவட்டத்துக்குப் போயாச்சு. முக்கூடல் எங்கள் நெல்லை. உமக்கு இங்கே என்ன வேலை?

ஆலங்குளத்தான்: மாவட்டம் பிரிந்தால் மாமியார் வீடும் பிரிந்துபோகுமா? என் கொழுந்தியாள் வீட்டில் உங்கள் மெஷின் நிற்கிறது. கேட்கத்தான் செய்வேன்.

ஆற்றங்கரை: அந்த அம்மா சிரித்துக்கொண்டே வாங்கின படம் எங்களிடம் இருக்கிறது. போடட்டுமா?

ஆலங்குளத்தான்: போடும்வே. ரசீதையும் சேர்த்துப் போடும்.