வண்டியில் ஏற மறுக்கும் குதிரை

கேள்வி: ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தைக்குக் கொண்டு செல்ல வேண்டிய எங்கள் மார்வாரி இனப் பெட்டைக் குதிரை, வண்டியின் சாய்பலகையில் குளம்பு பட்டு ஓசை எழுந்ததும் தலையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: ஐயா, கயிற்றை இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க அது பின்னுக்கே சாயும். ஓரடி முன்வைத்த அந்தக் கணமே கயிற்றைத் தளர்த்தினால், முன்னே வருவதில்தான் நிம்மதி என்பதை அது புரிந்துகொள்ளும்.

பதில் 2: வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழையும்போது குதிரையின் கண் பழகுவதற்கு நம் கண்ணைவிட அதிக நேரம் பிடிக்கும் என்பதால், வண்டிக்குள் வெளிச்சம் வரச் செய்யுங்கள். பலகையில் வைக்கோல் பரப்பினால் ஓசை அடங்கும்.

பதில் 3: ஏறியதும் கதவை அடைக்காமல், கொள்ளுத் தின்னவிட்டு நீங்களே இறக்குங்கள். எங்கள் குதிரை இப்படிப் பழக 12 நாள் ஆனது. சாட்டையை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள்.