ஐஸ் கம்பெனி, இறால் பண்ணை, ஜெனரேட்டர்: அனுமதிக்கு முன்னும் பின்னும் சத்தத்தை அளந்த அனுபவங்கள்

கரைக்காற்று, தேவிபட்டினம்

தொழிற்கூடங்களுக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பங்களுக்காக ஒலி அளவீடு எடுத்துக் கொடுப்பது என் தொழில். தொண்டியில் தொடங்கி மண்டபம், பாம்பன், மூக்கையூர் வரை இந்தக் கரையில் ஒலிமானியோடு அலைகிறவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பக்கத்தில் பெரும்பாலும் இயந்திரம் ஓடத் தொடங்கி, ஊர் முணுமுணுத்த பிறகுதான் சத்தத்தை அளக்கிறார்கள். இயந்திரம் வருவதற்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது என்று எழுதி வைத்தவர் யாரும் இருப்பதில்லை. பிறகு வழக்கு, மனு, பேச்சுவார்த்தை என்று எதில் போய் நின்றாலும் இரண்டு தரப்பிடமும் காட்டுவதற்கு ஆதாரம் இருக்காது.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வைத்திருக்கின்றன. வணிகப் பகுதிக்கு 65, 55. தொழிற்பகுதிக்கு 75, 70. காலை 6 முதல் இரவு 10 வரை பகல், மிச்சம் இரவு. இதெல்லாம் தேவையான எல்லைகள்தாம். ஆனால் நம் கரையில் ஐஸ் கம்பெனியும் வீடும் பள்ளிக்கூடமும் ஒரே தெருவில் நிற்கின்றன. எந்தப் பட்டியலில் அந்தத் தெருவைச் சேர்ப்பது என்பதிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய சங்கடம் கடல். மண்டபத்தில் வடக்கே பெண்கடல் என்கிற பாக் விரிகுடா, தெற்கே ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடா. நடுவில் கொஞ்ச தூரம்தான். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கரையில் அலை இரைந்துகொண்டே இருக்கும். அங்கே ஒரு கம்ப்ரசர் ஓடினால் பக்கத்து வீட்டுக்காரருக்கே உறைக்காது. அதே கம்ப்ரசரை வடக்குக் கரையில், குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கும் பாக் விரிகுடா ஓரத்தில் வைத்தால், நடுச்சாமத்தில் நாலு தெரு தள்ளிக் கேட்கும். வாடைக்காற்றுக் காலத்தில் இது தலைகீழாகத் திரும்பும். இயந்திரம் ஒன்றுதான்; கரையும் மாதமும் மாறினால் அது தரும் தொந்தரவும் மாறிவிடுகிறது. ஒரே பகலில் எடுத்த ஒற்றை எண் இதையெல்லாம் எப்படிச் சொல்லும்?

காற்றைப் பற்றியும் எச்சரிக்கிறேன். நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் வீசினால் மைக்கின் மேல் படும் காற்றே சத்தமாகப் பதிவாகும். பஞ்சு உறை போட்டாலும் நம்ப முடியாது. பனைமரத்தடியில் முக்காலியை நட்டால் ஓலை சலசலப்புதான் அளவில் ஏறும். நிழலாக இருக்கிறதே என்று அங்கே நின்று அளந்துவிட்டு, 'இந்த ஊர் இயல்பாகவே சத்தமான ஊர்' என்று எழுதப்பட்ட அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன். அந்த அறிக்கையை வைத்து அனுமதியும் வாங்கியிருந்தார்கள்.

உங்கள் ஊரில் நடந்ததை எழுதுங்கள்.

மணல்தெரு வீடு, தங்கச்சிமடம்

அண்ணன், நான் கருவியைப் பற்றி அறியாதவள். காதால் அறிந்ததை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஐஸ் கம்பெனி. விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறை வைத்துக் கடலுக்குப் போகும். அதனால் அதற்கு முந்தைய இரவுகளில்தான் ஐஸ் ஏற்றுவார்கள். கம்ப்ரசர் ஓசைகூடப் பழகிவிட்டது. பழகாதது ஐஸ் பார், அதாவது பனிக்கட்டிப் பாளம், விழும் சத்தம். கேனிலிருந்து பாரைக் கழற்றித் தகரச் சரிவில் தள்ளுவார்கள். அது வழுக்கிக்கொண்டு வரும்போது ஒரு கிறீச்சென்ற இழுவை, அடியில் வந்து மோதும்போது ஒரு இடி. பிறகு அரவை இயந்திரம். அது நின்றதும் கண்ணயரலாம் என்று பார்த்தால் அடுத்த பார். படுத்த படுக்கையாக இருக்கும் என் மாமனார் ஒவ்வொரு இடிக்கும் உடம்பைத் தூக்கிப் போட்டு விழிப்பார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரவுகள் எனக்குத்தான் தெரியும்.

புகார் கொடுத்தோம். அளக்க வந்தவர்கள் முற்பகலில் வந்தார்கள். படகெல்லாம் கடலுக்குப் போயிருந்தது; கம்பெனியில் ஒரு மோட்டார் மட்டும் ஓடியது. 'அளவுக்குள் இருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போனார்கள். எழுதியதில் பொய் கிடையாது. அவர்கள் நின்ற அந்த நேரத்தில் அளவுக்குள்தான் இருந்தது.

அன்றிலிருந்து ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். மணி, காற்று எந்தப் பக்கம், என்ன சத்தம், எவ்வளவு நேரம் என்று நான்கு பத்திகள். 'இரவு 1.40, காற்று இல்லை, பார் இறக்கம், அரைமணி' என்ற மாதிரி இருக்கும். இந்த நோட்டுக்கு எங்காவது மதிப்பு உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரையான், இப்போது லீட்ஸ்

அக்கா, அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். நான் இங்கே இங்கிலாந்தில் இதே வேலைதான் செய்கிறேன். எந்த நேரத்தில் அளக்க வேண்டும் என்று முடிவுசெய்ய இப்படிப்பட்ட குறிப்புகளைத்தான் முதலில் கேட்டு வாங்குவோம்.

இங்கே ஒரு தொழிற்கூடமோ, கடையின் குளிர்சாதன இயந்திரமோ வர வேண்டும் என்றால், திட்ட அனுமதி கேட்கும்போதே ஒலி மதிப்பீட்டை வைக்கச் சொல்வார்கள். அதற்குப் பயன்படுவது பிஎஸ் 4142 என்ற பிரிட்டிஷ் தரநிலை. முதலில் 1967-இல் வந்தது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2014-இல் வெளியாகி 2019-இல் திருத்தப்பட்ட பதிப்பு.

அதில் எல்லா ஊருக்கும் பொதுவான ஒரே எல்லை என்று எதுவும் இல்லை. முதலில் அந்த வீட்டருகே பின்னணி ஒலியை எடுப்போம். அளக்கும் நேரத்தில் 90 சதவீத நேரம் எந்த அளவுக்குக் கீழே இறங்காமல் இருக்கிறதோ அதுதான் பின்னணி. நாய் குரைத்தது, பைக் போனது எல்லாம் அதில் அடிபட்டுப் போய், அந்த இடத்தின் அடிமட்ட அமைதி மட்டும் நிற்கும். அடுத்து இயந்திரத்தின் சத்தம். ஏற்கெனவே ஓடினால் அளப்போம், இனிமேல்தான் வரும் என்றால் கணக்கிடுவோம். அதன் மேல் சத்தத்தின் குணத்துக்கு ஏற்பத் தண்டம் ஏற்றுவோம். ஒரே சுருதியில் ரீங்காரம் இருந்தால் 6 டெசிபல் வரை. நீங்கள் எழுதிய பார் விழுவது போன்ற திடீர் இடிக்கு 9 வரை. விட்டு விட்டு ஓடுவது தனியாக உறுத்தினால் 3. கடைசியில் வருவதைப் பின்னணியோடு ஒப்பிடுவோம். பின்னணியைவிட 5 டெசிபல் அளவுக்குக் கூடினால் பாதிப்பு இருக்கும் என்பதற்கும், 10 அல்லது அதற்கு மேல் போனால் பெரிய பாதிப்பு இருக்கும் என்பதற்கும் அறிகுறி. சுற்றுச்சூழலைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றும் தரநிலையே சொல்கிறது.

நம் ஊர்க் கணக்கில் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் உதாரணத்துக்குத்தான். அமைதியான கடலோரத் தெருவின் இரவுப் பின்னணி 30 என்று வையுங்கள். கம்ப்ரசர் சத்தம் வீட்டு வாசலில் 44. இந்திய விதிப்படி 45-க்குள் அடங்கிவிட்டது, பேச்சே இல்லை. பிஎஸ் 4142 வழியில் பார்த்தால், ரீங்காரத்துக்கு ஒரு 4 சேர்த்து 48. பின்னணியைவிட 18 அதிகம். இங்கே இப்படி ஓர் அறிக்கை வந்தால், சத்தத்தைக் குறைக்க வழி சொல்லாமல் அனுமதி கிடைப்பது மிகக் கடினம்.

நேர அலகும் முக்கியம். பகலில் ஒரு மணி நேரத்தை எடுப்போம். இங்கே இரவு என்பது 11 முதல் காலை 7 வரை. அப்போது 15 நிமிடம்தான் அலகு. முழு இரவுக்கும் சராசரி போட்டால், ஒன்றரை மணிக்கு அரைமணி நேரம் விழுந்த ஐஸ் பார் அந்தச் சராசரிக்குள் கரைந்து போகும். 15 நிமிடத்துக்குள் அது எங்கே ஒளிந்துகொள்ளும்?

இந்தத் தரநிலை நம் ஊரில் செல்லாது என்பதும் தெரியும். ஆனாலும் முன்கூட்டிப் பின்னணியை அளந்து வைக்க எந்தச் சட்டமும் தடையில்லை. என் காக்கா (அண்ணன்) கீழக்கரையில் மனை வாங்கியபோது, பக்கத்தில் மரம் அறுக்கும் பட்டறை வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, பட்டறை வருவதற்கு முன்பே ஆள் வைத்து இரவிலும் பகலிலும் அளந்து வாங்கி வைத்தார். பட்டறைக்காரரிடம் அதை நட்பாகவே காட்டினார். அவரும் மரம் அறுக்கும் வாளை மறுகோடியில் வைத்துக்கொண்டார்.

ஐஸ் கம்பெனிக்காரர், மண்டபம்

தங்கச்சி எழுதியதைப் படித்து மனம் கனத்தது. எங்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும்.

என் தகப்பனார் கம்பெனி வைத்தபோது சுற்றிலும் உடைமரக் காடு. இரவில் அந்த வழியாக வர ஆள் பயப்படும். பிறகு மனை போட்டார்கள், வீடு வந்தது, இப்போது சத்தம் என்கிறார்கள். ஐஸ் இல்லாமல் படகு போகாது. படகு போகாமல் இந்த ஊர் இல்லை. முதலில் வந்தவன் மட்டுமே ஏன் பாரம் சுமக்க வேண்டும்?

என்றாலும் ஊரோடு பகைத்துக்கொண்டு தொழில் செய்ய முடியாது. நான் செய்து பார்த்ததில் பயன் தந்தவற்றைச் சொல்கிறேன். தகரச் சரிவின் மேல் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை விரித்தேன். அடியில் மரக்கட்டையும் ரப்பரும் வைத்தேன். செலவு சொற்பம். இடிச்சத்தம் பெரும்பகுதி போய்விட்டது. தங்கச்சி, உங்கள் பின்வீட்டுக் கம்பெனியிடம் முதலில் இதைக் கேளுங்கள். அரவை இயந்திரத்தைத் தெருப் பக்கத்திலிருந்து எடுத்து உள்ளே செங்கல் சுவருக்குப் பின்னால் வைத்தேன். கம்ப்ரசர் பெல்ட்டையும் பேரிங்கையும் காலம் தவறாமல் மாற்றுகிறேன். உப்புக்காற்றில் எல்லாம் சீக்கிரம் போகும். பேரிங் தேய்ந்தால் அந்த ஊளைச்சத்தம்தான் ஊரை எழுப்பும்.

பயன் தராதவையும் உண்டு. பனைமட்டை வேலி கட்டினேன். கண்ணுக்கு மறைத்தது, காதுக்கு மறைக்கவில்லை. இரண்டு கம்ப்ரசரில் ஒன்றை இரவில் நிறுத்திப் பார்த்தோம். அளந்தவர் 3 டெசிபல்தான் குறைந்தது என்றார், ஐஸோ பாதியாகக் குறைந்தது. ஜெனரேட்டரைக் கூண்டோடு வாங்கினேன். ஆயிரம் கேவிஏ திறன் வரையிலான டீசல் ஜெனரேட்டர் கூண்டுக்கு வெளியே 1 மீட்டரில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆனால் வெக்கை தாங்காமல் பையன்கள் கூண்டுக் கதவைத் திறந்து வைத்தால் அந்த விதிக்கு வேலை இல்லை. காற்றோட்டத்தைக் கடல் பக்கமாகத் திருப்பிய பிறகுதான் கதவு மூடியே இருக்கிறது.

கீழக்கரையான், இப்போது லீட்ஸ்

ஐயா, நீங்கள் கேட்ட நியாயத்துக்கு இங்கே இப்போது இடம் இருக்கிறது. இங்கிலாந்தின் தேசியத் திட்டக் கொள்கையில் 2018-இல் ஒரு நெறியைச் சேர்த்தார்கள். ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கு அருகில் புதிதாக வீடு கட்டுபவர், அந்தச் சத்தம் தன் வீட்டாரைப் பாதிக்காதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தானே ஏற்க வேண்டும். மனை போட்டவர் சுவரோ கனமான ஜன்னலோ வைத்துத்தான் விற்றிருக்க வேண்டும். நம் ஊரிலும் மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போது இதைக் கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பாவம், மனை வாங்கியவரும் ஏமாந்தவர்தான்.

வார்டு உறுப்பினர், திருப்பாலைக்குடிப் பக்கம்

எங்கள் பிரச்சினை வேறு. இங்கே இறால் பண்ணைகள். குளத்துத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் சக்கரம் இரவு முழுக்கச் சுற்ற வேண்டும். வெயில் போன பிறகு தண்ணீரில் பாசி ஆக்சிஜனைத் தருவதை நிறுத்திவிட்டு, தானே எடுக்கத் தொடங்கும். விடியும் முன்புதான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். அந்த நேரத்தில் சக்கரத்தை நிறுத்தினால் இறால் மிதந்துவிடும். ஆகவே ஊர் அடங்கும்போதுதான் பண்ணை முழுவீச்சில் ஓடும். கரண்ட் போனால் எல்லாப் பண்ணையிலும் ஜெனரேட்டர் ஒன்றாகக் கிளம்பும்.

ஒவ்வொரு பண்ணைக்காரரும் 'என்னுடையது அளவுக்குள் இருக்கிறது' என்று காகிதம் காட்டுகிறார். ஊருக்கு எல்லாம் சேர்ந்துதான் கேட்கிறது. அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறோம். என்ன வாசகம் எழுதலாம் என்று அண்ணன்மார் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரைக்காற்று, தேவிபட்டினம்

உறுப்பினர் அவர்களே, நீங்கள் சொன்னதுதான் இந்தக் கரையில் நான் கண்ட பெரிய ஓட்டை. ஒரே அளவுச் சத்தமுள்ள பத்து இயந்திரங்கள் சேர்ந்தால் ஒன்றைவிட 10 டெசிபல் கூடும். காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அனுமதி கொடுத்துக்கொண்டே போனால் கூட்டுத்தொகையை யாரும் பார்ப்பதில்லை. இரண்டாவது பண்ணைக்காரர் பின்னணியை அளக்கும்போது முதல் பண்ணை ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாமவர் அளக்கும்போது இரண்டும் ஓடும். ஊரின் பழைய அமைதி எந்தக் காகிதத்திலும் இல்லாமலே காணாமல் போகிறது.

தீர்மானத்தில் நான் எழுதச் சொல்வது இவ்வளவுதான். புதிய பண்ணைக்கும் விரிவாக்கத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையோ திட்ட அனுமதியோ கேட்கும்போது, அருகிலுள்ள குடியிருப்பில் இரவுப் பின்னணி அளவையும் சேர்த்து வைக்க வேண்டும். அந்த அளவு, அக்கம்பக்கத்து ஏரேட்டர்களையும் ஜெனரேட்டர்களையும் நிறுத்திவிட்டு எடுத்ததாக இருக்க வேண்டும். அறுவடை முடிந்து குளம் காயப்போடும் இடைவெளி அதற்குத் தோதான காலம். கணக்கில் எல்லாப் பண்ணைகளின் கூட்டுச் சத்தமும் வர வேண்டும்.

மீன்பிடித் துறைமுகப் பக்கத்து ஆட்களுக்கும் இதே போல் ஒரு காலம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஐஸ் கம்பெனிகளும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். தங்கச்சிமடம் சகோதரி, உங்கள் வீட்டுப் பின்னணியை அப்போது அளந்துவிடுங்கள். கச்சான் பலமாக இல்லாத இரவாகப் பாருங்கள். தடை நீங்கியதும், கடலுக்குப் போகும் நாளுக்கு முந்தைய இரவு, உங்கள் நோட்டில் எழுதியிருக்கும் அதே நேரத்தில் இரண்டாவது முறை எடுக்கலாம். வெறும் டெசிபல் எண் போதாது. ஒலிப்பதிவும் வேண்டும் என்று கேளுங்கள், பார் விழுவது அதில் தெரியும்.

அளக்க வருபவர் மைக்கைத் தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், எந்தச் சுவரிலிருந்தும் குறைந்தது 3.5 மீட்டர் தள்ளி வைக்கிறாரா என்று பாருங்கள். தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் 94 டெசிபல் ஊதும் சிறு அளவுத்திருத்தக் கருவியை மைக்கில் மாட்டிச் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் கிளம்பினால் தயங்காமல் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் அவ்வளவு இடம் இருக்கிறதா, மொட்டைமாடி உண்டா என்று எழுதினால் எங்கே நிறுத்துவது என்று சொல்கிறேன்.