புதுப்பிப்பு: வீணை டீச்சரை மாற்றிவிட்டேன்

நாற்பதைத் தாண்டி வீணை கற்கிறேன், சரளி வரிசை என்ற முதல் பயிற்சி கையில் நிற்பதற்குள் கீதம் என்ற எளிய பாட்டுக்குத் தள்ளுகிறார்கள், ஆசிரியரை மாற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் மாறச் சொன்னீர்கள். மாறிவிட்டேன்.

புது டீச்சர் வேலூரை அடுத்த காட்பாடி காந்தி நகரில் இருக்கிறார். நான் வேலூர் சத்துவாச்சாரி. மாலை நெரிசலில் கிரீன் சர்க்கிள் சந்திப்பைத் தாண்டிப் பாலாற்றுப் பாலம் ஏறுவதற்குள் உயிர் போய்விடும் என்பதால் காலை நேரம் கேட்டேன். "அதுக்கென்னம்மா, வாங்க" என்றார்.

முதல் வகுப்பில் பாட்டே இல்லை. ஆரம்பப் பாடங்களுக்கான மாயாமாளவகௌளை ராகத்தின் ஸ்வரங்களை வாயால் பாடச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் வீணையின் மெட்டில் (தந்திக்கு அடியில் வரிசையாக இருக்கும் கட்டைகளில்) விரல் வைக்கவிட்டார். ச-விலிருந்து ரி அடுத்த மெட்டு. ரி-யிலிருந்து க மூன்று மெட்டு தள்ளி. அந்தத் தாண்டலில்தான் என் விரல் இத்தனை நாளும் தடுமாறியிருக்கிறது! இடது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டியே வைக்கச் சொன்னார். வலது சுண்டுவிரல், தாளத்துக்காக மீட்டும் பக்கவாட்டுத் தாளத் தந்தியை மறக்கக் கூடாது. முதல் காலம், அதாவது மெதுவான வேகம், சுத்தமாக வந்தால்தான் அதன் இரட்டை வேகமான இரண்டாம் காலம். எனக்கு இந்த நிதானம்தான் வேண்டியிருந்தது.

பழைய ஆசிரியரிடம் எப்படிச் சொன்னேன் என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். போனில் சொல்ல மனம் வரவில்லை. வெற்றிலை பாக்கு, பழத்தோடு நேரில் போய், "மெதுவாகப் படிக்க ஆசைப்படுகிறேன் சார்" என்றேன். "நல்லா வாசிங்க" என்று ஆசீர்வாதம் செய்தே அனுப்பினார்.

இப்போது ஸ்வரங்களை இரண்டிரண்டாக வாசிக்கும் அடுத்த பயிற்சியான ஜண்டை வரிசை தொடங்கியிருக்கிறோம்.